ஏழு மொழியில் கேரல் பாடினால் அது யார் பாட்டு?

நீங்கள் கேட்டிருப்பது பார்வைக்கு ஒரு கேள்வி, உள்ளே இரண்டு. கும்பகோணம் பக்கம் உங்கள் ஊர் இளைஞர் குழு இந்த டிசம்பரில் பல மொழிக் கேரல்களை, அதாவது கிறிஸ்துமஸ் பாட்டுகளைப் பாடப்போகிறது, எந்தெந்த நாட்டுப் பாட்டு எடுக்கலாம் என்பது முதல் கேள்வி. கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, "எல்லாம் வெள்ளைக்காரன் பாட்டுதானே, தமிழில் மாத்திப் பாடினா நம்மதாயிடுமா?" என்று உங்கள் அத்தை கேட்டதாக, அதுதான் இரண்டாவது. உங்களை உறுத்துவதும் அதுதான் என்று நினைக்கிறேன். பட்டியலைக் கடைசியில் தருகிறேன். முதலில் அத்தைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் கோவில் ஒன்றில் முப்பது வருஷமாக ஹார்மோனியமும் ஆர்கனும் வாசிக்கிறவன், பாடகர் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கிறவன் என்ற அளவில் சொல்கிறேன். அயல்மொழி உச்சரிப்பில் மட்டும் என்னை நம்பாதீர்கள். அந்தந்த மொழிக்காரர் பாடியதைக் கேட்டே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கேரல் என்ற சொல் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. கைகோத்து வட்டமாகச் சுற்றி ஆடிக்கொண்டே பாடுவதற்குத்தான் அங்கே அந்தப் பெயர். நம் கும்மியை நினைத்துக்கொள்ளுங்கள். அதாவது கோவிலுக்குள் பிறந்த வகை இல்லை அது, தெருவில் ஆடிக்கொண்டிருந்தது பிறகு கோவிலுக்குள் வந்தது. மெட்டுகளின் கதையும் இதேதான். 'வானத்தின் உயரத்திலிருந்து வருகிறேன்' என்று தொடங்கும் ஜெர்மன் கிறிஸ்துமஸ் பாட்டை மார்ட்டின் லூதர் எழுதினார், 1535இல் அச்சானது. அதற்கு முதலில் அவர் எடுத்துக்கொண்டது, இளவட்டங்கள் விடுகதை போட்டு விளையாடும்போது பாடிய ஒரு நாட்டுப்பாட்டின் மெட்டு. 1539இல்தான் அதற்கென்று தனி மெட்டு வந்தது. தமிழில் 'கேள்! ஜென்மித்த ராயர்க்கே' என்று பாடுகிறோமே, அதன் வரிகளின் மூலம் சார்ல்ஸ் வெஸ்லி 1739இல் எழுதியது. மெட்டு, ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சன் 1840இல், அச்சுக்கலையின் தந்தை குட்டன்பர்க்கைக் கொண்டாடும் விழாவுக்காக அமைத்த இசையிலிருந்து வந்தது. இரண்டையும் 1855இல் ஒட்டியவர் வில்லியம் கம்மிங்ஸ் என்ற ஆங்கிலேய இசைக்கலைஞர். எழுதியவரும் மெட்டமைத்தவரும் சந்தித்ததே இல்லை. பொஹீமியாவின் வென்செஸ்லாஸ் அரசரைப் பற்றிய ஆங்கிலப் பாட்டு இன்னும் வேடிக்கை. வரிகள் 1853இல் எழுதப்பட்டவை, பனியில் நடந்துபோகும் கதை. மெட்டோ 1582இல் அச்சான ஒரு லத்தீன் தொகுப்பில் வசந்தகாலப் பூக்களைப் பாடும் பாட்டுடையது.

ஆக வெள்ளைக்காரனும் மெட்டைக் கடன் வாங்கித்தான் பாடினான். நம் பக்கமும் ஒன்றும் வேறு மாதிரி இல்லை. திருவாரூரில் பிறந்த முத்துஸ்வாமி தீட்சிதர், ஆங்கிலேய பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களே, அவைதான். அதில் ஒன்று பிரிட்டிஷ் ராஜவாழ்த்தின் மெட்டு, அம்பாளின் மேல் பாட்டு. அதை யாரும் வெள்ளைக்காரன் பாட்டு என்று சொல்வதில்லை. அத்தையிடம் இதைச் சொல்லுங்கள். பாட்டு எங்கிருந்து வந்தது என்பது பெரிய விஷயமில்லை. வந்த இடத்து நாக்கில் அது சரியாக உட்கார்ந்ததா என்பதுதான் விஷயம். அந்த அளவுகோலில் பார்த்தால் நாம் பாடுகிற தமிழ்க் கேரல்களில் பல தேறும், சில தேறாது. அத்தை சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது.

தேறாததற்கு ஒரு கதை. நான் குழுவுக்குப் புதிதாக வந்த காலம். யாரோ மொழிபெயர்த்த ஒரு பாட்டு, மெட்டு நல்ல மெட்டு. அதில் இயேசுவின் தாய் 'மரி'யின் பெயர் நீண்ட சுரத்தில் விழுகிறது. மெட்டு இழுக்கச் சொல்கிறது, நாங்களும் இழுத்தோம். வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி, பாட்டு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "ஏன் தம்பி, நீங்க மாரியாத்தாளையும் சேத்துப் பாடுவீங்களா?" என்று கேட்டார். புன்னைநல்லூர் மாரியம்மன் கோவிலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு 'மாரி, மாரி' என்று பாடினால் வேறெப்படிக் காதில் விழும்? அவர் கேலி செய்யவில்லை, சந்தோஷமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் அசையின் அழுத்தம்தான் மெட்டோடு பொருந்த வேண்டும், நீளம் அப்படி இப்படி இருந்தால் குடிமுழுகாது. தமிழில் குறிலை இழுத்தால் அது வேறு சொல். மரி மாரியாகும், பலன் பாலனாகும், விடு வீடாகும். மொழிபெயர்ப்புப் பாட்டு ஒன்றை எடுக்குமுன் நெடில் சுரத்தில் குறில் விழுகிறதா என்று மட்டும் பென்சிலால் குறித்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் நாலைந்து இடத்துக்கு மேல் குறி விழுந்தால் அந்த மொழிபெயர்ப்பை விட்டுவிடுங்கள்.

இந்தச் சிக்கல் நம் டெல்டாவுக்குப் புதிதில்லை. முந்நூறு வருஷமாக இங்கே நடக்கிற வழக்கு இது. 1706 ஜூலையில் சீகன்பால்கு, புளூட்ஸோ என்ற இரண்டு மிஷனரிகள் டென்மார்க் அரசர் அனுப்பித் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். இருவரும் ஜெர்மானியர், மார்ட்டின் லூதர் வழிவந்த லூத்தரன் சபையினர். ஜெர்மன் கோவில் பாட்டுகளை அதே மெட்டில் தமிழாக்கிப் பாடும் வழக்கம் அவர்கள் காலத்தோடு தொடங்கியது. அந்த வகைக்கு 'ஞானப்பாட்டு' என்று பேர், லூத்தரன் கோவில்களில் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். ராகம், தாளம், பல்லவி, அனுபல்லவியோடு தமிழிலேயே பிறந்தவை 'கீர்த்தனை'. பழைய ஆட்களிடம் கேட்டால் ஒரு பாட்டு ஞானப்பாட்டா கீர்த்தனையா என்று முதலடியைக் கேட்டதுமே சொல்லிவிடுவார்கள். ஒரே கோவிலில், ஒரே ஆராதனையில் இரண்டும் ஓடும். ஒன்றுக்கு ஆர்கன், மற்றதற்கு ஹார்மோனியமும் தபேலாவும். நான் இரண்டுக்கும் நடுவே எழுந்து எழுந்து உட்கார்ந்தே முழங்கால் போனவன்.

கீர்த்தனை வழியில் பெரிய பெயர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்து, சிறுவனாக இருக்கும்போதே ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சாவூருக்கு அழைத்துவரப்பட்டு வளர்ந்தவர். இரண்டாம் சரபோஜி மன்னரும் சுவார்ட்ஸின் கண்காணிப்பில் படித்தவர்தான், இருவரும் பழக்கம். சாஸ்திரியார் 1800 வாக்கில் 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார். குறவஞ்சி என்பது தஞ்சாவூர் மண்ணுக்கு நன்றாகப் பழகிய வகை. தலைவன் உலா வருவான், தலைவி மயங்குவாள், குறத்தி வந்து குறி சொல்வாள். இங்கே உலா வருகிறவர் இயேசு, மயங்குகிறவள் தேவமோகினி. அதோடு கோபர்நிக்கஸ் வழி வானசாஸ்திரமும் பூகோளமும் உள்ளே வரும், சுவார்ட்ஸ் பள்ளிக்கூடத்துப் படிப்பு பாட்டில் இறங்கிய இடம் அது. இதைக் கேரல் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் பெத்லகேமை ஐரோப்பிய மெட்டைக் கடன் வாங்காமல் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்துவிட்டார் மனிதர். பின்னால் வந்த மிஷனரிகளோடு அவருக்குக் கடுமையான சச்சரவு வந்தது. ஒரு பக்கம் கோவிலில் தமிழ் இசை, இன்னொரு பக்கம் சாதி வழக்கங்கள். இரண்டையும் சேர்த்தே அவர் விட்டுக்கொடுக்க மறுத்தார். சாதியைப் பிடித்துக்கொண்டதை நான் நியாயப்படுத்த மாட்டேன். இசை விஷயத்தில் நான் அவர் கட்சி.

அவருக்குப் பின்னால் தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர். 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரிய இசை நூலை எழுதிய பண்டிதர்தான். இவரும் கிறிஸ்தவப் பொருளில் கீதங்கள் கட்டினவர். கத்தோலிக்கர் பக்கம் வந்தால் வீரமாமுனிவர். கொள்ளிடத்துக்கு அந்தக் கரை ஏலாக்குறிச்சியில் இருந்தவர். அவருடைய 'தேம்பாவணி' 3615 விருத்தம், சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக வைத்த காப்பியம், குழந்தை பிறப்பும் அதில் வருகிறது. மெட்டுப்பாட்டு இல்லை, ஆனால் நிகழ்ச்சிக்கு நடுவே நல்ல குரலில் ஒரு விருத்தம் பாடச் சொன்னால் ஊர் வாயடைத்துப்போகும். செய்து பார்த்திருக்கிறேன்.

இனி வெளிநாட்டுப் பாட்டுகள். ஒன்றே ஒன்று எடுங்கள் என்றால் நான் உக்ரைன் பாட்டைத்தான் சொல்வேன். 'ஷெட்ரிக்' என்று அதற்குப் பெயர். 'கேரல் ஆஃப் தி பெல்ஸ்', அதாவது மணியோசைக் கேரல் என்று ஆங்கிலத்தில் எல்லாரும் கேட்டிருக்கிற அந்த வேகமான பாட்டின் மூலம் இது. நாட்டுப்பாட்டு மெட்டை எடுத்து மிக்கோலா லியோன்டோவிச் கூட்டிசையாக அமைக்க, 1916இல் கீவ் நகரில் அரங்கேறியது. 1922இல் உக்ரைன் பாடகர் குழு நியூயார்க்கில் பாடியது. 1936இல் பீட்டர் வில்ஹவுஸ்கி அதற்கு ஆங்கிலத்தில் புதுவரிகள் எழுதினார், மணி அப்போதுதான் வந்தது. மூலத்தில் மணியும் இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை, கிறிஸ்துவும் இல்லை. ஒரு தகைவிலான் குருவி வீட்டுக்குள் பறந்து வந்து, எஜமானை வெளியே கூப்பிட்டு, பட்டியில் ஆடு குட்டி போட்டிருக்கிறது பார், உனக்கு நல்ல காலம், செல்வம் சேரும், அழகான மனைவி இருக்கிறாள் என்று சொல்கிறது, அவ்வளவுதான். பழைய நாள்காட்டிப்படி வருஷப் பிறப்புக்கு முந்தின ராத்திரி, அதாவது ஜனவரி 13இல், வீடு வீடாகப் போய்ப் பாடும் வாழ்த்து. விடியற்காலையில் வாசலில் வந்து நின்று 'நல்ல காலம் பொறக்குது' என்று சொல்கிற நம் குடுகுடுப்பைக்காரர் வேலையைத்தான் அங்கே அந்தக் குருவி செய்கிறது. உக்ரைனில் ஜனவரியில் தகைவிலான் கிடையாது, குளிருக்குத் தெற்கே போய்விடும். அதனால் இந்தப் பாட்டு, வசந்தத்தில் புதுவருஷம் கொண்டாடிய கிறிஸ்துவுக்கு முந்தைய வழக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. தகைவிலான் குளிர்காலத்துக்கு வருகிற ஊர்களில் நம்முடையதும் ஒன்று. மார்கழியில் சம்பா வயலுக்கு மேலே மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்குமே, அந்த ஜாதிதான்.

அந்தப் பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு குறுக்குவழி. பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வருவது நாலே நாலு சுரம், நீளம், குறுக்கு, குறுக்கு, நீளம். மூன்று எண்ணிக்கைக்குள் அடங்கும். பத்தாம் வகுப்புத் தமிழ் இலக்கணத்தில் படித்த 'கூவிளங்காய்' என்ற வாய்பாட்டை அந்த மெட்டில் சொல்லிப் பாருங்கள். கூ-வி-ளங்-காய், கூ-வி-ளங்-காய். அப்படியே உட்காரும். எங்கள் பிள்ளைகள் அரைமணி நேரத்தில் பிடித்துக்கொண்டார்கள், அப்புறம் உக்ரைனியச் சொற்களைப் போட்டோம். தமிழில் எழுத ஆசையிருந்தால், முதல் அசையும் கடைசி அசையும் நெடிலாக வரும் கூவிளங்காய்ச் சீரில் எழுதச் சொல்லுங்கள், ஒரு குறிலும் இழுபடாது.

'ஒப்பில்லா திருஇரா' என்று நாம் பாடும் ஆஸ்திரியப் பாட்டைப் பற்றி மேடையில் அறிவிப்புச் சொல்கிறவர் எலிக்கதை சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எலி ஆர்கனின் துருத்தியைக் கடித்துவிட்டது, அதனால் அவசரமாகக் கிட்டாருக்கு ஒரு பாட்டு எழுதினார்கள் என்பார்கள். உறுதியாகத் தெரிந்தது இவ்வளவு: வரிகளை ஜோசப் மோர் என்ற இளம் பாதிரியார் 1816லேயே எழுதிவிட்டார், 1995இல் கிடைத்த அவருடைய கைப்பிரதி அதைக் காட்டியது. 1818 டிசம்பர் 24 அன்று அதைப் பள்ளி ஆசிரியர் கிரூபரிடம் கொடுத்து மெட்டமைக்கச் சொன்னார், அன்று ராத்திரியே ஓபர்ன்டோர்ஃப் கோவிலில் கிட்டாரோடு இருவரும் பாடினார்கள். கிரூபரே 1854இல் இதை எழுதிவைத்தார், அதில் எலியும் இல்லை, கெட்டுப்போன ஆர்கனும் இல்லை. சால்சாக் ஆற்றங்கரையில் படகோட்டிகள் வாழ்ந்த ஊர் அது. அந்தக் கோவில் பிற்பாடு வெள்ளத்தில் அடிபட்டு அடிபட்டுக் கடைசியில் இடிக்கப்பட்டது. கொள்ளிடக் கரைக்காரர்களுக்கு இதைச் சொன்னால் புரியும், எலியை விட நல்ல கதை. ஆறு எண்ணிக்கையில் ஆடும் அதன் நடை தொட்டில் நடைதான். நம் ஆராரோ பாடத் தெரிந்தவருக்கு அதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தயவுசெய்து ரிதம் பாக்ஸைப் போட்டு அதைக் கெடுக்காதீர்கள்.

லூத்தரன் ஊர்களில் இன்னொரு நம்பிக்கை உண்டு. மாட்டுத்தொட்டியில் குழந்தை தூங்குவதாக வரும் அந்தச் சின்னப் பாட்டு, லூதர் தன் பிள்ளைகளுக்காக எழுதிய தாலாட்டு என்று. இல்லை, அது 1880களில் அமெரிக்காவில் அச்சுக்கு வந்த பாட்டு, லூதர் பெயர் சும்மா ஒட்டிக்கொண்டது. 'பக்தரே வாரும்' லத்தீன் மூலத்தின் பழைய கைப்பிரதிகள் பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் ஃபிரான்சிஸ் வேட் என்பவரின் கையெழுத்தில் இருக்கின்றன. இயற்றியவரும் அவரே என்று பலர் சொல்கிறார்கள், அது முடிந்த தீர்ப்பல்ல. 'ஜிங்கிள் பெல்ஸ்' என்ற பனிவண்டி மணிப்பாட்டைச் சேர்க்க வேண்டாம் என்று சொன்னால் பிள்ளைகள் கோபப்படுவார்கள். சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் பாரம்பரியக் கேரல் என்று அறிவிக்காதீர்கள். 1857இல் ஜேம்ஸ் பியர்பான்ட் வெளியிட்ட வண்டிப்பாட்டு அது, கிறிஸ்துமஸ் என்ற சொல்லே அதில் கிடையாது.

கனடாவின் ஹூரான் கேரலைப் பாடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், அதில் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். ஹூரான் என்று வெளியார் அழைத்த வென்டாட் பழங்குடி மக்களின் மொழியில் 1642 வாக்கில் ழான் தெ பிரேபஃப் என்ற சேசு சபைக் குரு எழுதியதாக மரபாகச் சொல்லப்படுகிறது, மெட்டு பிரெஞ்சு நாட்டுப்பாட்டு. யூடியூபில் நீங்கள் கேட்டிருக்கக்கூடிய ஆங்கில வரிகளோ 1926இல் மிடில்டன் எழுதியவை. முயல்தோல் போர்வை, மரப்பட்டைக் குடிசை எல்லாம் அவர் சேர்த்தது. கடவுளுக்கு அதில் வரும் பெயர்கூட வென்டாட் மொழியே இல்லை, பக்கத்து அல்கான்கியன் மொழிகளுடையது. காவேரிக் கரையைப் பற்றி ஒருவர் பாட்டெழுதி அதில் நம் சாமிக்கு மராத்திப் பெயர் வைத்த மாதிரி. பாடுவதானால் வென்டாட் வரிகளைப் பாடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். இறகு தலைப்பாகை எல்லாம் வேண்டவே வேண்டாம்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போலந்தில் 'கோலெண்டா' என்பார்கள். 1792இல் கார்பின்ஸ்கி வரிகள் வெளிவந்த 'கடவுள் பிறக்கிறார்' என்ற பாட்டு, பொலொனேஸ் என்ற அரண்மனை நடனத்தின் கம்பீரமான மூன்றடி நடை, ஆண்குரல்கள் நிறைய இருந்தால் எடுங்கள். ஸ்பெயினின் 'வில்லான்சீகோ' வகையின் பேரே கிராமத்தானிடமிருந்து வந்தது, டேம்பரினும் கைதட்டலும் போதும், நம் டோலக் தாராளமாகச் சேரும். பிலிப்பைன்ஸ்காரர்கள் டிசம்பர் 16 தொடங்கி 24 வரை ஒன்பது நாள் விடியற்காலைப் பூசைக்கு எழுந்து போகிறார்கள். மார்கழி ஒன்றும் டிசம்பர் 16 வாக்கில்தானே பிறக்கிறது! இங்கே திருப்பாவை, திருவெம்பாவை ஒலிபெருக்கியில் கேட்கிற அதே இருட்டில் அங்கே அவர்கள் பாடிக்கொண்டு போகிறார்கள். அவர்களின் புகழ்பெற்ற தகலாகு கேரல் 'கிறிஸ்துமஸ் வந்துவிட்டது' 1933இல் செபுவானோ மொழியில் பிறந்த ஒரு பாட்டின் மெட்டில் எழுதப்பட்டது. அங்கேயும் கடன்தான், பாருங்கள்.

ஏழு மொழி என்றால் நான் வைக்கும் வரிசை: லத்தீனில் 'பக்தரே வாரும்' பாடிக்கொண்டே பவனி, பிறகு போலிஷ், ஸ்பானிஷ், தகலாகு, அடுத்து ஷெட்ரிக், விளக்கைக் குறைத்து ஜெர்மனில் ஒப்பில்லா திருஇரா ஒரு சரணம், கடைசியில் தமிழ். தமிழுக்கு ஒரு கீர்த்தனையும், உங்கள் ஊர் ஆள் யாராவது புதிதாக எழுதிய ஒன்றும் இருக்கட்டும். எழுதுகிறவருக்கு இரண்டு வார்த்தை. 'பனி' என்று எழுதினால் நம் பிள்ளை மனதில் விழுவது வரப்பில் காலை நனைக்கும் மார்கழிப் பனி. அதுவே நல்லது, ஐரோப்பாவின் உறைபனியை இங்கே வரவழைக்க வேண்டாம். மேய்ப்பரை எழுதும்போது கீதாரியை நினைத்துக்கொள்ளட்டும். ராமநாதபுரத்திலிருந்து ஆட்டை ஓட்டிவந்து, அறுத்த வயலில் கிடை போட்டு, ராத்திரி முழுக்கக் காவல் கிடக்கிறாரே, லூக்கா எழுதிய மேய்ப்பர் அவர்தான். அந்த வசனத்தை ஐரோப்பாவில் எத்தனை பேர் கண்ணால் பார்த்திருப்பார்கள்?

சுருதியை இப்போதே பேசி முடித்துவிடுங்கள். பெண்கள் ஐந்தரைக் கட்டையில் பாடுவோம் என்பார்கள், ஆண்கள் ஒன்றரைக்கு மேல் ஏற மாட்டார்கள். கூட்டாகப் பாடும்போது மூன்று கட்டையை ஒட்டி வைத்தால் இரண்டு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கஷ்டம், சண்டை இருக்காது. டோலக்கை ராத்திரி ரவுண்ட்ஸுக்குத் திறந்தபடி தூக்கிக்கொண்டு போகாதீர்கள், பனியில் தோல் தொய்ந்து நாலாவது வீட்டிலேயே சத்தம் செத்துவிடும். ஒரு கம்பளியில் சுற்றிக்கொண்டு போங்கள், காபி கொடுக்கிற வீட்டில் அடுப்பு ஓரமாக ஐந்து நிமிஷம் வைத்து எடுங்கள்.